எதை எண்ணினாலும் சமநிலை: ஒரு விலங்கியல் செய்முறை வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. விலங்கியல் இளங்கலை இரண்டாம் ஆண்டில் 50 மாணவர்கள். பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், கொஞ்சம் பேர் விடுதியில். மரபியல் செய்முறையில் ‘ஹார்டி-வைன்பெர்க் சமநிலையைச் சரிபார்த்தல்’ என்று ஒரு பயிற்சி உண்டு. வெளியிலிருந்து எதுவும் தலையிடாவிட்டால் ஒரு கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாது என்பதுதான் அந்தச் சமநிலை. பத்து வருடத்துக்கு மேலாக அதை நான்தான் நடத்தி வந்தேன்.

பயிற்சி எளிது. நாக்கைக் குழல் மாதிரி சுருட்ட முடிகிறவர்கள் எத்தனை பேர், முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். சுருட்டுவது ஓங்கு பண்பு, முடியாதது ஒடுங்கு பண்பு என்று வைத்துக்கொள்வோம். அல்லீல் என்பது ஒரு மரபணுவின் வடிவங்களில் ஒன்று, ஆளுக்கு இரண்டு இருக்கும். ஓங்கு பண்பு வெளியே தெரிய ஓங்கு அல்லீல் ஒன்று போதும், ஒடுங்கு பண்பு வெளியே தெரிய வேண்டுமானால் ஒடுங்கு அல்லீல் இரண்டு இருந்தாக வேண்டும். கூட்டத்தில் ஒடுங்கு அல்லீலின் பங்கை க்யூ, ஓங்கு அல்லீலின் பங்கை பி என்று வைத்தால், முடியாதவர்களின் விகிதம்தான் க்யூ வர்க்கம். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் க்யூ கிடைக்கும், 1இலிருந்து அதைக் கழித்தால் பி. பிறகு பி வர்க்கம் (ஓங்கு இரண்டும்), 2பிக்யூ (கலப்பு), க்யூ வர்க்கம் (ஒடுங்கு இரண்டும்) மூன்றையும் போட்டு, எதிர்பார்த்த எண்ணிக்கையை எண்ணிப் பார்த்ததோடு ஒப்பிட்டு, கை-வர்க்கச் சோதனை (எண்ணியதும் எதிர்பார்த்ததும் எவ்வளவு விலகுகின்றன என்று அளப்பது) செய்து, ‘நமது வகுப்பு சமநிலையில் உள்ளது’ என்று முடிவு எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டில் இரண்டு பக்கம் வரும்.

ஒவ்வொரு வருடமும் எல்லா வகுப்பும் சமநிலையில்தான் இருந்தது. அதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை இங்கே ஒப்புக்கொள்ளாவிட்டால் மீதியை எழுதுவதில் பொருளில்லை.

ரப்பர் தடம்

அந்த வருடம் 32 பேர் நாக்கைச் சுருட்டினார்கள், 18 பேரால் முடியவில்லை. 50இல் 18 என்றால் 0.36, வர்க்கமூலம் 0.6. கால்குலேட்டரே வேண்டாம் என்று பையன்களுக்குச் சந்தோஷம். பி 0.4. பி வர்க்கம் 0.16, அதாவது 8 பேர். 2பிக்யூ 0.48, அதாவது 24 பேர். எட்டும் இருபத்து நான்கும் 32.

ரெக்கார்டு திருத்தும்போது ஒரு மாணவியின் நோட்டில் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ரப்பர் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தது. பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்திருக்கிறாள். தாளே மெலிந்துபோயிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். “கை-வர்க்கம் பூஜ்யம்னு வருது மேம். சும்மா கிட்டத்தட்ட இல்ல, சுத்தமா பூஜ்யம். எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நெனைச்சேன்” என்றாள். பக்கத்தில் இருந்தவளுக்கும் பூஜ்யம்தான், ஆனால் அவள் அதற்காகக் கவலைப்படவில்லை.

எண் அழகாக அமைந்துவிட்டதால் அப்படி வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் அவள் ஒரு தாளோடு வந்தாள்.

விடுதிக் கணக்கு

தாளில் இருந்தது இதுதான். வகுப்பில் விடுதியில் இருப்பவர்கள் 13 பேர், வீட்டிலிருந்து வருகிறவர்கள் 37 பேர். விடுதியை ஒடுங்கு பண்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். 50இல் 13 என்றால் 0.26, வர்க்கமூலம் 0.51. பி 0.49. இரண்டு ஓங்கு அல்லீலோடு 12 பேர், கலப்பாக 25 பேர், ஒடுங்கு இரண்டோடு 13 பேர். 12உம் 25உம் 37. எண்ணியதும் எதிர்பார்த்ததும் ஒன்றே. கை-வர்க்கம் பூஜ்யம். அடியில் ‘விடுதி வாசம் ஹார்டி-வைன்பெர்க் சமநிலையில் உள்ளது’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

அதாவது 25 பேர் கலப்பு டே ஸ்காலர்கள். விடுதி அல்லீலை உள்ளே மறைத்து வைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்கள்.

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அன்று மதியமே புள்ளியியல் துறையில் ஒரு நண்பரிடம் தாளைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இரண்டே வகையில் எண்ணியிருக்கிறீர்கள், மொத்தம் தெரிந்ததால் ஒன்று போயிற்று, க்யூவை அதே எண்ணிலிருந்து எடுத்ததால் இன்னொன்று போயிற்று, டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது சுதந்திரமாக மாறக்கூடிய எண்கள், பூஜ்யம், இதில் சோதிக்க என்ன மிச்சம் என்றார்.

விஷயம் அவ்வளவுதான். முடியாதவர்களின் எண்ணிக்கையிலிருந்தே க்யூவைக் கறந்து, அதே க்யூவைக் கொண்டு முடியாதவர்களின் எண்ணிக்கையைத் திரும்ப வரவழைத்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்போம். இடையில் வர்க்கமூலமும் வர்க்கமும் வந்ததால் ஏதோ பயணம் போன மாதிரி இருக்கிறது. சமநிலையில் இல்லாத கூட்டம்கூட இந்தக் கணக்கில் சமநிலையாகத்தான் தெரியும். நெருங்கிய உறவுக்குள்ளேயே திருமணம் செய்யும் ஊராக இருக்கட்டும், ஒரு வகையினர் குழந்தையிலேயே இறந்துபோகும் ஊராக இருக்கட்டும், விடை மாறாது.

இதற்கு மேல் நாக்குப் பிரச்சினை வேறு. நாக்கைச் சுருட்டுவது ஒற்றை மரபணுப் பண்பு என்று 1940இல் சொன்னவர் ஸ்டர்ட்டெவண்ட், மரபணு வரைபடத்தை முதலில் போட்டவர். 1952இல் ஒரே கரு இரட்டையர்களைப் பார்த்தபோது, ஒருவர் சுருட்ட, மற்றவரால் முடியாத ஜோடிகள் இருந்தன. ஸ்டர்ட்டெவண்டே பிற்பாடு, இது இன்னும் பாடங்களில் நிரூபணமான உதாரணமாக வருவது தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். அதுவும் 1965லேயே. நாங்கள் இன்னும் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தோம்.

‘ஓங்கு’ என்ற சொல்

பயிற்சியை மாற்றுவதற்கு முன் வகுப்பு உண்மையில் என்ன புரிந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். ஒரே ஒரு கேள்வி, துண்டுத் தாளில் பதில், பெயர் வேண்டாம். ‘ஒரு ஊரில் ஓங்கு அல்லீலும் ஒடுங்கு அல்லீலும் பாதிப் பாதி இருக்கின்றன. நூறு வருடம் கழித்து எது அதிகமாக இருக்கும்?’

பாதிக்கும் மேல் ‘ஓங்கு’ என்று எழுதியிருந்தார்கள். காரணத்தையும் சிலர் எழுதியிருந்தார்கள்: ஒடுங்கு மரபணு மெல்ல ஒடுங்கிவிடும். இதே ஆட்கள் சமநிலைக்கான ஐந்து நிபந்தனைகளையும் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரிசை தப்பாமல் எழுதுவார்கள்: பெரிய கூட்டம், தற்செயல் இணைவு, இயற்கைத் தேர்வு இல்லை, திடீர்மாற்றம் இல்லை, வலசை இல்லை.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஓங்குதல் என்றால் தமிழில் உயர்தல், வளர்தல். ஓங்கி வளர்ந்த மரம் என்கிறோம். ஒரு உடம்புக்குள் எது வெளியே தெரிகிறது என்பதைச் சொல்ல வந்த சொல், ஊருக்குள் எது பெருகுகிறது என்பதைச் சொல்வது மாதிரி காதில் விழுகிறது. சொல்லை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, பாடநூலில் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் இப்படி இடறும் என்று இத்தனை வருடம் ஒரு வார்த்தை நான் எச்சரிக்கவில்லை.

ஆங்கிலத்திலும் இதே இடத்தில்தான் இடறினார்கள் என்பது ஒரு ஆறுதல். 1908இல் லண்டனில் மெண்டல் விதிகளைப் பற்றி மரபியலாளர் பன்னெட் பேசியபோது, விரல்கள் குட்டையாக இருப்பது ஓங்கு பண்பு என்றால் நாளாவட்டத்தில் நாலில் மூன்று பேருக்கு விரல் குட்டையாக இருக்க வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. கேட்டவர் புள்ளியியலாளர் யூல் என்று பன்னெட் பிறகு நினைவுகூர்ந்தார். பதில் சொல்லத் தெரியாமல், கேம்பிரிட்ஜில் தன்னோடு கிரிக்கெட் ஆடும் ஒரு கணித நண்பரிடம் கொண்டுபோனார். அவர்தான் ஹார்டி. ஐந்து வருடம் கழித்து, 1913இல், சென்னையிலிருந்து ராமானுஜனின் கடிதம் போய்ச் சேர்ந்ததும் இவரிடம்தான். ஹார்டிக்கு இது பெருக்கல் வாய்ப்பாடு அளவிலான கணக்கு. ‘சயன்ஸ்’ இதழுக்கு ஒரு சின்னக் கடிதமாக எழுதி அனுப்பினார், 1908 ஜூலையில் வந்தது. அதே ஆண்டு ஜனவரியிலேயே ஸ்டுட்கார்ட்டில் வைன்பெர்க் என்ற மருத்துவர் இதையே ஒரு கூட்டத்தில் சொல்லியிருந்தார். ஜெர்மனில் சொன்னதால் 1943 வரை அவர் பெயர் இதோடு சேரவில்லை.

ராமானுஜன் பெயர் வந்ததும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்தது.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

துறைத் தலைவரிடம் பேசினேன். பாடத்திட்டத்தில் இருக்கிற பயிற்சியை எடுத்துவிட முடியாது, ஆனால் எதை எண்ணுவது என்று பாடத்திட்டம் சொல்லவில்லை என்றார். அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

தேவை என்னவென்று இப்போது தெளிவு. மூன்று வகையையும் தனித்தனியாக அடையாளம் காண முடிகிற பண்பு வேண்டும். அப்போதுதான் அல்லீல்களை நேரடியாக எண்ணலாம். எண்ணிய பிறகும் ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் மிச்சம் இருக்கும், கணக்கு தோற்பதற்கும் இடம் இருக்கும்.

முதலில் நினைத்தது மாணவர்களின் ஐடி கார்டு. அதில் இரத்த வகை அச்சிட்டிருக்கும், யாரையும் ஊசியால் குத்த வேண்டாம். ஏ, பி, ஓ வகையில் மூன்று அல்லீல், நான்கு வகை, ஆகவே சோதிக்க இடமும் உண்டு. ஆனால் விசாரித்தால் சிலர், “அட்மிஷன்ல கேட்டாங்க மேம், அம்மாவோடத சொல்லிட்டேன்” என்றார்கள். கைவிட்டோம். இந்த யோசனையால் ஒரு லாபம், கணிதவியலாளர் பெர்ன்ஸ்டைனின் கதையை வகுப்பில் சொல்ல முடிந்தது. இரத்த வகைக்கு இரண்டு தனித்தனி மரபணுக்கள் காரணம் என்றுதான் 1910 வாக்கிலிருந்து நம்பினார்கள். அது உண்மையானால் ஏபி வகையினர் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று பெர்ன்ஸ்டைன் 1924இல் கணக்குப் போட்டார். நிஜத்தில் அவ்வளவு பேர் இல்லை. ஒரே இடத்தில் மூன்று அல்லீல் என்று வைத்தால் சரியாகப் பொருந்தியது. கணக்கு பொருந்தாமல் போனதுதான் அங்கே கண்டுபிடிப்பு. நாக்குக் கணக்கில் பொருந்தாமல் போகவே வழி கிடையாது.

அடுத்து எம்என் இரத்த வகை. எம்எம், எம்என், என்என் என்று மூன்று வகையும் தெளிவாகப் பிரியும், ஆனால் அதற்கான சீரம் எங்கள் பட்ஜெட்டுக்குள் வராது. சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்க்கான அரிவாள் செல் பரிசோதனை மலிவுதான். வகுப்பில் செய்து பார்க்கலாமா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. நீலகிரியில் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் இருப்பதை லேமான், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952லேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாணவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். ஐம்பது பேர் முன்னால் ஒருவருடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அம்பலமாவது செய்முறை ஆகாது. நாளைக்குப் பெண் கேட்டு வருகிற வீட்டுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேரும்.

கடைசியில் எடுத்த முடிவு: இரத்தம் வேண்டாம். ஏற்கெனவே பதிவான எண்களைக் கொடுத்து ஒரு வகுப்பு. மணிகளை வைத்து ஒரு வகுப்பு. நாக்குக் கணக்கு நோட்டில் இருக்கட்டும், ஆனால் ‘சரிபார்த்தல்’ என்பதை அடித்துவிட்டு ‘மதிப்பிடுதல்’ என்று எழுத வேண்டும். அதற்கு எதிர்ப் பக்கத்தில் விடுதிக் கணக்கு.

கிண்ணமும் மணியும்

முதலில் புளியங்கொட்டையில் ஆரம்பித்தோம். தாயத்துக்குத் தேய்ப்பது போலப் பாதிக் கொட்டைகளை இரண்டு பக்கமும் வெளுக்கத் தேய்த்து வெள்ளை அல்லீல், தேய்க்காதது கறுப்பு அல்லீல். கண்ணை மூடி எடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு மாணவன் கையைத் தூக்கினான். கண்ணை மூடினாலும் விரலுக்குத் தெரிகிறது, தேய்த்தது சொரசொரப்பு, தேய்க்காதது வழுவழுப்பு என்றான். அவனுக்குத் தெரியாமலே விரல் வழுவழுப்பைத் தேடிப் போயிருக்கிறது. தற்செயல் என்று நிபந்தனையில் எழுதுவது சுலபம், கையில் கொண்டுவருவது அவ்வளவு சுலபமில்லை. லேப் அண்ணா பேன்சி ஸ்டோரிலிருந்து ஒரே அளவு பாசிமணி வாங்கி வந்தார். சிவப்பு 200, வெள்ளை 200. சிவப்பு ஓங்கு.

எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் சிவப்பு 5, வெள்ளை 5. ஒரு மணி எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பக் கிண்ணத்திலேயே போட வேண்டும். இப்படிப் பத்து தடவை எடுத்தால் ஐந்து ‘ஆட்கள்’, ஒரு தலைமுறை. வந்த விகிதத்துக்குக் கிண்ணத்தை மாற்றி அமைத்து அடுத்த தலைமுறை. மொத்தம் பத்து.

ஒரு குழுவில் மட்டும் பத்துத் தலைமுறையும் ஐந்துக்கு ஐந்து. அசையவே இல்லை. ‘எங்க ஊர் சமநிலை மேம்’ என்று பெருமையாக நின்றார்கள். பார்த்தால் எடுத்த மணியைத் திரும்பப் போடாமல் பத்தையும் வெளியே எடுத்து எண்ணியிருக்கிறார்கள். பத்து மணி போட்ட கிண்ணத்திலிருந்து பத்தையும் எடுத்தால் போட்டதுதானே வரும்! ரப்பர் தடம் போட்ட மாணவி பக்கத்துக் குழுவில் இருந்தாள். “இதுவும் விடுதிக் கணக்குதான்” என்றாள். அந்தக் குழு திரும்ப ஆடியது.

முடிவில் எட்டில் மூன்று கிண்ணங்களில் ஒரே நிறம் மட்டும் மிஞ்சியது. அதில் இரண்டு கிண்ணங்கள் முழு வெள்ளை. ஓங்கு அல்லீல் துடைத்துப் போய், ஒடுங்கு நின்றிருந்தது. துண்டுத் தாளில் ‘ஓங்கு’ என்று எழுதியவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் எட்டுக் கிண்ணங்களையும் ஒரே ஊர் ஆக்கினோம். ஒவ்வொரு குழுவும் 50 தடவை எடுத்து, மொத்தம் 400ஐயும் கூட்டி ஒரு தலைமுறை. நேரம் நான்கு தலைமுறைக்குத்தான் இருந்தது. 0.5இல் தொடங்கிய சிவப்பு 0.53இல் நின்றது.

அப்போது முன் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி: “அடுத்த தலைமுறையில 0.5க்குத் திரும்பிடுமா மேம்?” திரும்பாது. 0.53 இனிமேல் அதன் இடம், அங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம். ஹார்டி சொன்ன நிலைத்தன்மைக்குப் பழைய இடத்தின் ஞாபகம் கிடையாது. யாரும் தள்ளாததால் சமதளத்தில் நிற்கிற பந்து அது. தள்ளினால் போகும், போன இடத்தில் நிற்கும். சமநிலை என்று கேட்டதும் மாணவர்கள் மனதில் வருவது தராசு, ஆட்டிவிட்டாலும் தானே நேராக வந்து நிற்பது. தராசு மாதிரி நிற்கிற மரபணுவும் உண்டு, ஆனால் அதன் காரணம் வேறு. அதற்குத்தான் அடுத்த வகுப்பு.

முசோமாவின் எண்கள்

பதிவான எண்களில் முதலில் கொடுத்தது இங்கிலாந்தில் எம்என் இரத்த வகை பார்த்த 1000 பேர். எம்எம் 298, எம்என் 489, என்என் 213. அல்லீல்களை எண்ணினால் எம் 0.5425. எதிர்பார்ப்பது 294.3, 496.4, 209.3. கை-வர்க்கம் 0.22, தாண்டக் கூடாத எல்லை 3.84. பொருந்துகிறது. பூஜ்யம் இல்லை என்பதைப் பார்த்ததும் வகுப்புக்கு ஒரு நிம்மதி. இந்த மூன்று எண்களும் வேறு மாதிரி வந்திருக்கலாம், வரவில்லை.

அடுத்தது ஆலிசன் என்ற ஆய்வாளர் 1956இல் வெளியிட்ட கிழக்கு ஆப்பிரிக்க எண்கள். அன்றைய டாங்கனிகாவில் (இன்றைய டான்சானியா), விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள முசோமா பகுதியில் எடுத்தவை. ஏஏ என்றால் இயல்பு, ஏஎஸ் என்றால் அரிவாள் செல் அல்லீல் ஒன்று, எஸ்எஸ் என்றால் இரண்டும் அதுவே, அதாவது நோயாளி. 287 குழந்தைகளில் ஏஏ 189, ஏஎஸ் 89, எஸ்எஸ் 9. பெரியவர்கள் 654 பேரில் 400, 249, 5.

பாதி வகுப்புக்குக் குழந்தைகள், பாதிக்குப் பெரியவர்கள் என்று பிரித்துக் கொடுத்தேன். குழந்தைகள் பக்கம் எஸ் அல்லீல் 0.186. எதிர்பார்ப்பது 190, 87, 10. கிட்டத்தட்ட அச்சு அப்படியே. பெரியவர்கள் பக்கம் எஸ் 0.198. எதிர்பார்ப்பது 420.6, 207.7, 25.6. இருப்பதோ 400, 249, 5. கை-வர்க்கம் 25ஐத் தாண்டியது. அந்தப் பக்கத்து மாணவர்கள் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியவர்களின் மூன்று எண்களையும் போர்டில் எழுதி, எது குறைகிறது, எது கூடுகிறது என்று மட்டும் கேட்டேன். எஸ்எஸ் 26 இருக்க வேண்டிய இடத்தில் 5. மீதிப் பேர் பெரியவர்களாகும் வரை உயிரோடு இல்லை. அது எல்லோருக்கும் உடனே புரிந்தது. ஏஏ எண்ணும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, ஏஎஸ் 41 பேர் அதிகம். இதற்குச் சிறிது நேரம் பிடித்தது. “மலேரியா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஃபால்சிபாரம் மலேரியா ஏஏ குழந்தைகளைக் கொல்கிறது, ஏஎஸ் குழந்தைகளுக்கு அதிலிருந்து ஒரு பாதுகாப்பு. ஆலிசன் 1954இல் முன்வைத்த விளக்கம் இதுதான்.

ஆக, எஸ் அல்லீலின் அளவு குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் ஏறக்குறைய ஒன்று, 0.186உம் 0.198உம். மேலோட்டமாகப் பார்த்தால் அசையாத மரபணு. உள்ளே இரண்டு முனையிலும் குழந்தைகள் இறந்துகொண்டிருக்கிறார்கள். இது சமதளப் பந்து இல்லை, கயிறு இழுக்கும் போட்டியில் நடுக்கோட்டில் நிற்கிற முடிச்சு.

இந்த முடிச்சு தானாக எங்கே போய் நிற்கும் என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். எஸ்எஸ் யாரும் பிழைப்பதில்லை, ஏஏ ஆட்களில் ஆறில் ஒருவர் மலேரியாவில் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ் 0.5 என்று ஆரம்பித்தவர்களுக்கு அடுத்த தலைமுறையில் 0.35, அதற்கடுத்து 0.28 என்று இறங்கியது. 0.05 என்று ஆரம்பித்தவர்களுக்கு 0.056 என்று மெல்ல ஏறியது. மேலிருந்து வந்தவர்களும் கீழிருந்து வந்தவர்களும் நெருங்கிப்போன இடம் ஏழில் ஒன்று, 0.143. தராசு முள் மாதிரி திரும்பி வருகிற சமநிலை இது. ஹார்டியுடையது அப்படி வராது. இரண்டையும் ஒரே சொல்லால் ‘நிலைத்திருக்கிறது’ என்று எழுதிவந்தோம்.

வகுப்பு முடிந்ததும் நீலகிரிப் பக்கத்து மாணவி ஒருத்தி தனியாக வந்து கேட்டாள். 2023இல் தொடங்கிய தேசிய இயக்கம் 2047க்குள் அரிவாள் செல் நோயை ஒழிப்பதாகச் சொல்கிறது, அப்படியென்றால் மரபணுவே போய்விடுமா? இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மலேரியா அறவே இல்லை, எஸ்எஸ் யாருக்கும் குழந்தை இல்லை என்று கடுமையாக வைத்தாலும், 0.1இல் இருக்கும் அல்லீல் பாதியாகக் குறையப் பத்துத் தலைமுறை ஆகும். இருநூற்றைம்பது வருடம். ஒரே ஒரு அல்லீல் வைத்திருக்கிறவர்கள் ஆரோக்கியமாக இருந்து அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். “அப்போ நோயைத்தான் நிறுத்தலாம், ஆளை இல்ல” என்றாள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

பிறகு

செய்முறைத் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர், நாக்குக் கணக்கில் கை-வர்க்கம் ஏன் இல்லை என்று முதல் மாணவனிடமே கேட்டார். அவன் பக்கத்தைப் புரட்டி விடுதிக் கணக்கைக் காட்டினான். அவர் அதை இரண்டு தடவை படித்தார், சிரிக்கவில்லை. மதிப்பெண் குறைக்கவும் இல்லை. தேநீர் நேரத்தில் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

உள்தேர்வில் புதிதாக ஒரு கேள்வி வைத்தேன்: தாய்மாமனைக் கட்டுவது ஊரின் மரபணு நிகழ்வெண்ணை, அதாவது ஒவ்வொரு அல்லீலின் பங்கை, மாற்றுமா? நம் பக்கத்தில் முறைப்பெண், தாய்மாமன் உறவு தெரியாத மாணவர் கிடையாது, அதனால்தான் இந்தக் கேள்வி. மாறாது என்பது பதில். அல்லீல்கள் அதே எண்ணிக்கைதான், ஒரே மாதிரி இரண்டு ஒரே ஆளிடம் சேருவது மட்டும் கூடுகிறது. ஒரு நோய் அல்லீல் நூறில் ஒன்று என்றால், தற்செயல் இணைவில் 10,000 குழந்தைகளுக்கு 1 நோயாளி. மாமா-அக்கா மகள் திருமணங்களில் 13. அத்தை மகன்-மாமா மகள் என்றால் 7. நிகழ்வெண் அப்படியே இருக்க, வீட்டில் விழுகிற சுமை மட்டும் பதின்மூன்று மடங்கு. இதைப் பலர் சரியாக எழுதினார்கள். ‘மாறும், ஏனென்றால் நோய் அதிகமாகிறது’ என்று எழுதியவர்களும் கணிசம். அந்த இடத்தில் நான் போதுமான அளவு நிற்கவில்லை.

துண்டுத் தாள் கேள்வியைப் பருவ முடிவில் திரும்பக் கேட்டேன். ‘ஓங்கு’ என்ற பதில் நன்றாகவே குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

விடுதிக் கணக்கைப் பயிற்சியின் கடைசியில் வைத்தது தப்பு, முதல் நாளே அதுதான். எதை எண்ணினாலும் பொருந்துகிறது என்று அவர்களே கண்டுபிடித்துத் திகைத்த பிறகு, பொருந்தாமல் போகக்கூடிய கணக்கைக் கேட்டு வாங்குவார்கள். அட்டவணையில் டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு ஒரு தனிக் கட்டம் வேண்டும், அதில் பூஜ்யம் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். மணியைத் திரும்பப் போடாத தப்பை இரண்டு குழுக்களுக்கு வேண்டுமென்றே கொடுத்து, மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். உறவுத் திருமணக் கணக்கு தேர்வுக் கேள்வியாக மட்டும் இல்லாமல் ஒரு முழு வகுப்பாக வர வேண்டும். ரெக்கார்டைக் கையெழுத்துப் போட மட்டும் திறக்காமல் ரப்பர் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது எனக்கான வேலை.

மணிகள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. வருடத்துக்குக் கொஞ்சம் பெஞ்சுக்கு அடியில் உருண்டு காணாமல் போகிறது. இந்த ஜூனில் லேப் அண்ணா எண்ணிப் பார்த்து, சிவப்பு 197, வெள்ளை 191 இருக்கிறது, வாங்கிச் சமப்படுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், புது பேட்ச் அதிலிருந்தே தொடங்கட்டும் என்றேன்.